எழுத்து வேண்டாம், மீதியைக் கொடுங்க

எங்கள் பக்கத்துக் கோயில்களில் டியூப்லைட் வாங்கிக் கொடுப்பவர்கள், அந்தக் குழாய் மேலேயே 'உபயம்' என்று ஆரம்பித்துத் தங்கள் பெயர், தகப்பனார் பெயர், தொழில், ஊர் எல்லாவற்றையும் சிவப்புப் பெயிண்டில் எழுதிவிடுவார்கள். வெளிச்சம் எழுத்துக்கு நடுவில் சந்து கண்டுபிடித்துத்தான் வெளியே வரவேண்டும். கல்யாணத்துக்கு வாங்குகிற எவர்சில்வர் அண்டாவும் அப்படித்தான். கடையிலேயே உட்கார்ந்து ஒருவர் 'கிர்ர்ர்' என்று பேர் வெட்டிக் கொடுத்தால்தான் பாத்திரம் நம்முடையது என்று மனசு ஒப்புக்கொள்ளும்.

கண்ணாடிச் சாமான்தான் இதுவரை தப்பித்து வந்தது. இப்போது அதற்கும் ஆசை வந்துவிட்டது. பூஜை அறைக் கதவில் குத்துவிளக்கு, கொலு வைக்கும் அலமாரியில் கிளி, ஊறுகாய் ஜாடியில் பாட்டி பேர். வீட்டிலேயே செய்யமுடியுமா என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது கண்ணாடியை அரிக்கும் எட்சிங் கிரீமைப் பற்றி. எங்கே கிடைக்கும், எந்தக் கம்பெனி, எவ்வளவு நேரம் வைக்கணும். என் அனுபவத்தில் கிரீமுக்கு வேலை சில நிமிடம்தான். வேலை முழுவதும் ஸ்டென்சிலில், அதாவது கிரீம் படக்கூடாத இடத்தை மூடும் மறைப்பில் இருக்கிறது. அதுவும் எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் ஸ்டென்சிலுக்காக வெளியூரிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதே இல்லை.

எங்கள் ஊர் என்றால் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு. இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். ஒரு பக்கம் ராஜபாளையம், ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், இன்னொரு பக்கம் சிவகாசி. ஆலை இங்கே வந்ததற்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கும் சுண்ணாம்புக்கல். கண்ணாடிக்கும் சுண்ணாம்புக்கும் உறவு இல்லாமல் இல்லை: நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியிலும் டம்ளரிலும் 70 சதவீதத்துக்கு மேல் மணல், அதாவது சிலிக்கா. மிச்சத்தில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வெம்பக்கோட்டையில், 2022-லிருந்து தொல்லியல் துறை தோண்டிய மேட்டில் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. வைப்பாற்றங்கரையில் அந்தக் காலத்திலேயே கண்ணாடி மணி புழங்கியிருக்கிறது.

கண்ணாடியை எந்த அமிலமும் லேசில் தொடாது. கந்தக அமிலத்தையே கண்ணாடிப் பாட்டிலில்தான் வைக்கிறோம். விதிவிலக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அது சிலிக்காவையே கரைத்துவிடும். 1771-ல் ஷீலே என்ற வேதியியலாளர் ஃபுளோர்ஸ்பார் என்ற கல்லைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சியபோது, அவருடைய கண்ணாடி வாலையே அரித்துப்போனது. அதற்கு ஒரு நூறு வருஷம் முன்பே, 1670 வாக்கில், ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஷ்வான்ஹார்ட் என்ற கண்ணாடிக் கலைஞர் இதைக் கைவேலைக்குப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். நாம் வாங்கும் எட்சிங் கிரீமில் இருப்பது அதே குடும்பத்து உப்பு, அம்மோனியம் பைஃபுளோரைடு மாதிரியான ஒன்று. மேல்தோலை மட்டும் நுணுக்கமாகச் சொரசொரப்பாக்கும். வெளிச்சம் அங்கே சிதறும். நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கறாராகப் பேசிவிடுகிறேன். வெறும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. யார் மலிவாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். தோலில் பட்ட உடனே பெரிதாக எரியாமல்கூட இருக்கும். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வலி தெரியும், அதற்குள் நேரம் கடந்திருக்கும். கிரீம் அவ்வளவு கொடியது இல்லை, ஆனாலும் அதன் தம்பிதான். ரப்பர் கையுறை, கண்ணுக்கு வெறும் மூக்குக்கண்ணாடியாக இல்லாமல் முழுதாக மூடும் கண்ணாடி, காற்று வரும் திண்ணை அல்லது மொட்டை மாடி. பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். குழந்தைகளும் பூனையும் வேறு எங்காவது இருக்கட்டும். கையில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். இதற்குக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் என்று மருந்து இருக்கிறது. டப்பாவைக் காட்டினால்தான் அவருக்கும் என்ன பட்டது என்று தெரியும்.

இனி ஸ்டென்சில்.

பழைய முறை மெழுகு. மெழுகை இந்த அமிலம் ஒன்றும் செய்யாது. அந்தக் காலத்தில் பியூரெட்டிலும் பிப்பெட்டிலும் கோடு போட்டது இப்படித்தான்: குழாயை மெழுகில் முக்கி எடுத்து, அளவு பார்த்து ஊசியால் கீறி, கீறின இடத்தில் அமிலம் தடவுவார்கள். மெழுகைச் சுரண்டினால் கோடு நிற்கும். பள்ளிக்கூட லேபில் நாம் கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்த அந்த மெல்லிய கோடுகளின் கதை அது. வீட்டிலும் செய்யலாம். டம்ளரை வெந்நீரில் சூடாக்கித் துடைத்துவிட்டு, உருக்கின மெழுகைப் பிரஷ்ஷால் பூச வேண்டும். சூடில்லாத கண்ணாடியில் பூசினால் மெழுகு பொருக்குப் பொருக்காக உரிந்து வந்துவிடும். ஆறின பிறகு கோணி ஊசியால் வரையலாம். எனக்கு இதில் பிடித்தது கையெழுத்து அப்படியே வருவது. எண்பது வயசுப் பாட்டியிடம் ஊசியைக் கொடுத்து அவர் கையெழுத்தையே போடச் சொல்லலாம், எந்த மெஷினும் அதைச் செய்யாது. மெழுகு நேரமும் பொறுமையும் கேட்கும். ஆனால் கோடுகளுக்கு இதை அடிக்க வேறு முறை இல்லை.

நெயில் பாலிஷும் அமிலத்தைத் தடுக்கும். அதை முழு ஸ்டென்சிலாக நினைக்காதீர்கள். ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொண்ட இடம், கிழிந்த இடம், இதற்கெல்லாம் ஒட்டுப் போட நல்லது. வேலை முடிந்ததும் ரிமூவர் போட்டால் போய்விடும்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி ரேடியம் ஸ்டிக்கர் கடை. பைக் நம்பர் பிளேட்டுக்கும், வேன் கண்ணாடியில் குலசாமி பேருக்கும், ஆட்டோ பின்னாடி வாசகத்துக்கும் ஸ்டிக்கர் வெட்டுகிற கடை. ராஜபாளையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கே பார்த்தாலும் ஒன்று இருக்கும். முன்பெல்லாம் பிளேடு வைத்துக் கையாலேயே வெட்டுவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் டிசைன் போட்டால் மெஷின் வெட்டித் தள்ளுகிறது. மேலே இருக்கும் வினைல் மட்டும் வெட்டுப்படும், அடித்தாள் அப்படியே இருக்கும்.

பிரச்சனை என்னவென்றால், அந்தக் கடைக்காரர் வாழ்நாள் முழுக்க எழுத்தை வைத்துக்கொண்டு சுற்றுப்புறத்தை உரித்து எறிந்து பழகினவர். நமக்கு வேண்டியது அவர் எறிகிற அந்தச் சுற்றுப்புறம்.

"தம்பி, வெளிப்பக்கத்த உரிச்சிராதீக. எழுத்த மட்டும் உரிச்சுட்டு மீதியக் கொடுங்க."

"மீதி குப்பைக்குல்லா போகும்க்கா? எழுத்து வேண்டாமா?"

"எழுத்து வேண்டாம். மீதிதான் வேணும்."

அவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. ஒருமுறை விளக்கிவிட்டால் அடுத்த முறை நாம் உள்ளே நுழையும்போதே "மீதி அக்கா வந்துட்டாக" என்று சிரிப்பார். எனக்கு இப்போது ஒரு கடையில் அந்தப் பேர்தான்.

கடையில் இரண்டு விஷயம் சொல்லிவாங்குங்கள். ராத்திரி மின்னுகிற நிஜ ரேடியம் ஷீட் வேண்டாம், அது விறைப்பு. வளைந்த ஜாடியில் படியாது, ஓரம் தூக்கும். சாதாரண வினைல் போதும், மலிவும்கூட. இரண்டாவது, எழுத்தின் கோடு ரொம்ப மெலிதாக வேண்டாம். மெலிந்துபோனால் அந்தச் சந்துக்குள் கிரீம் சரியாக இறங்காது. எழுத்து அங்கங்கே விட்டுவிட்டு வரும். கல்யாணப் பத்திரிகையில் வருகிற கொடிகொடியான எழுத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்.

கையால் வெட்டுவதுதான் சுகம் என்பவர்களும் உண்டு, நானும் அந்தக் கட்சி. புத்தகத்துக்கு அட்டை போடுகிற ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட், அலமாரித் தட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ஷீட், இரண்டும் நன்றாக வரும். மேலே படத்தை வரைந்தோ, பிரிண்ட் எடுத்த தாளைப் பசைநாடாவால் பிடித்துவைத்தோ வெட்டலாம். கத்தி விஷயத்தில் ஸ்டேஷனரிக் கடையை விட மருந்துக்கடை மேல். 11-ம் நம்பர் சர்ஜிகல் பிளேடும், அதற்குரிய 3-ம் நம்பர் கைப்பிடியும் வாங்கிக்கொள்ளுங்கள். நுனி ஊசி மாதிரி இருக்கும், வளைவில் திரும்பும்போது கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். விரலை வெட்டிக்கொண்டால் கவலை இல்லை, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது.

கையால் தமிழ் எழுத்து வெட்டும்போதுதான் ஸ்டென்சிலின் நிஜமான சிக்கல் புரியும். தீவு. 'வ' எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்துச் சுழிக்குள் ஒரு துண்டு இருக்கிறது. எழுத்தின் கோட்டை வெட்டி எடுத்ததும் அந்த நடுத்துண்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, விழுந்துவிடும். அது விழுந்தால் சுழி முழுக்க வெள்ளையாகிக் குண்டுப் புள்ளியாக நிற்கும். க, ச, த, ம எல்லாவற்றிலும் இதே கதை. கொம்பு போட்டால் இன்னொரு தீவு, இரட்டைச் சுழிக் கொம்பு என்றால் இரண்டு. 'செல்வம்' என்று ஒரு பேர் வெட்டினால் ஏறக்குறைய ஒவ்வொரு எழுத்திலும் ஒன்று தப்பித்து ஓடப் பார்க்கும். ப, ட, ய, ர, துணைக்கால் இவைதான் சாதுவானவை. 'பாப்பா' என்று எழுதினால் ஒரு தீவும் வராது. மெய்யெழுத்துப் புள்ளியையும் வளையமாகப் போடாமல் நிரம்பின புள்ளியாகவே போடுங்கள், வளையம் போட்டால் கடுகளவுத் தீவு ஒன்றை நகத்தில் பிடித்துக்கொண்டு திண்டாட வேண்டும்.

தீவுக்கு இரண்டு வழி. ஒட்டும் ஸ்டென்சில் என்றால் தீவும் தன் பசையிலேயே நிற்கும். இடம் மாறாமல் கண்ணாடிக்குக் கொண்டுபோவது மட்டும்தான் வேலை. எழுத்தை உரித்த பிறகு, மேலே அகல மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அடித்தாளை உரித்தால் சுற்றுப்புறமும் தீவுகளும் அவரவர் இடத்திலேயே டேப்போடு வந்துவிடும். கண்ணாடியில் ஒட்டித் தேய்த்துவிட்டு டேப்பை மட்டும் மெதுவாக எடுக்க வேண்டும். இன்னொன்று, பாலம் போடுவது. தீவிலிருந்து கரைக்கு ஒரு சின்னத் துண்டை வெட்டாமல் விட்டுவிடுவது. பஞ்சுப் பொதியிலும் நூல் மூட்டையிலும் தகரத் தகட்டை வைத்து மை தடவி நம்பர் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 8-ம் 0-வும் நடுவில் வெட்டுப்பட்டுத்தான் இருக்கும். மில் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அந்த வெட்டு ஒன்றும் குறையாகப் படாது. எனக்கு அந்த முரட்டு எழுத்து ரொம்பப் பிடிக்கும், அதனால் ஒட்டும் ஸ்டென்சிலில்கூட வேண்டுமென்றே பாலம் வைப்பேன்.

கோலத்தை இங்கே கொண்டுவந்தால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. சிக்குக் கோலம் என்பது புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து வந்து தன்னையே வெட்டிக்கொள்ளும் கோடு. அந்தக் கோட்டை ஸ்டென்சிலாக வெட்டினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளி வீடும் ஒரு தீவு. முழுக்கோலமும் தூள்தூளாகக் கையில் வந்துவிடும். இதற்கு ஒரு வழி கோலத்துக்குள்ளேயே இருக்கிறது. கோடும் கோடும் குறுக்கிடும் இடத்தில், ஒன்று மேலே போகிறது, ஒன்று கீழே போகிறது என்று வைத்துக்கொண்டு, கீழே போகும் கோட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள், கயிறு பின்னினதைப் படம் போடுவார்களே அப்படி. நிறுத்தின அந்த இடைவெளிதான் பாலம். ஒவ்வொரு வீடும் தன் மூலையில் பக்கத்து வீட்டின் கையைப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்ரே ஃபிலிமில்கூட வெட்டலாம், பிரிந்து போகாது. பார்ப்பதற்கும் தட்டையான கோலத்தைவிடப் பின்னல் அழகு.

கோலத்தை வெட்டத் தைரியம் இல்லாதவர்கள் புள்ளியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆபீஸில் ஃபைலுக்கு ஓட்டை போடுகிற பஞ்ச் ஒன்று, வினைல் துண்டு ஒன்று. ஓட்டை போட்ட வினைலை ஒட்டினால் வெள்ளைப் புள்ளிகள் வரும். ஓட்டையிலிருந்து விழுந்த வட்டங்களை ஒட்டினால் வெள்ளைப் பரப்பில் தெளிவான புள்ளிகள். ஒரே பஞ்ச், இரண்டு டிசைன். அப்புறம் ஸ்டிக்கர் பொட்டு. நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் ஏற்கனவே ஒட்டியிருக்கிற சமாச்சாரம்தான். வட்டம், திலகம், பிறை என்று வெட்டாமலே வடிவம் கிடைக்கும். வெல்வெட் பொட்டு ஓரத்தில் கிரீமை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பிளாஸ்டிக் பூச்சு உள்ள வகையைத் தேடி வாங்குங்கள். கோலமாவு போட்டு இழுக்கிற அந்த ஓட்டைத்தட்டு, கோல அச்சு, அதையே நேராக வைத்துக் கிரீம் தடவலாமா என்றால், கூடாது. கண்ணாடியோடு ஒட்டிப் படியாது, அடியில் கசியும். அச்சை வினைல் மேல் வைத்துப் பேனாவால் புள்ளி குறித்துக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன படம் போடலாம்? முதல் முயற்சிக்கு நான் சொல்வது ராஜபாளையம் நாய். சிரிக்காதீர்கள். 2005-ல் இந்தியத் தபால்துறை தபால்தலை போட்ட நாய் அது. பால்வெள்ளை நிறம். எட்சிங்கில் வருவதும் வெள்ளைதான், வேறு வண்ணமே கிடையாது. ஒல்லி வயிறு, நீண்ட கால், வளைந்த வால். பக்கவாட்டு நிழலுருவத்தை ஒரே வெட்டில் சுற்றி வந்துவிடலாம், தீவு ஒன்றும் கிடையாது. கண் வேண்டுமானால் ஒரு பொட்டுத் துண்டை நடுவில் திரும்ப ஒட்டிவிட்டால் போதும். அடுத்தது ஆண்டாள் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் மரவள்ளி இலையில், மாதுளம்பூ அலகோடு புதிதாகக் கட்டும் கிளி அது. இலை இலையாகத்தான் உடம்பு. ஒவ்வொரு இலைக்கும் நடுவில் ஒரு கோடு விட்டு வெட்டினால் பாலமும் ஆச்சு, இறகும் ஆச்சு. அந்த ஊர்க் கோபுரத்துக்கு மட்டும் இப்போது ஆசைப்பட வேண்டாம். பதினொரு நிலையையும் டம்ளர் உயரத்துக்குக் குறுக்கினால் பொம்மையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விடும். வெளிக்கோடு மட்டும் போட்டு, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிடைக்கோடு விட்டால் போதும். தமிழ்நாடு அரசு முத்திரையில் பார்த்துப் பழகின உருவம், கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

ஒரே படத்தை நிறையக் கண்ணாடியில் போட வேண்டும் என்றால், கல்யாணத்துக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கிற சின்னச் சதுரக் கண்ணாடிகள் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் வினைல் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. சிவகாசி எதற்கு இருக்கிறது? காலண்டரும் வாழ்த்து அட்டையும் அச்சடிக்கிற ஊரில் ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிந்தவருக்குப் பஞ்சமே இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டின மெல்லிய வலைத்துணியில் வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, மேலே கருப்புப் படம் உள்ள ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். கருப்பு மறைத்த இடம் இறுகாது, தண்ணீரில் போய்விடும், அங்கே மட்டும் வலை திறந்திருக்கும். தீவாவது பாலமாவது, வலையே எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். மைக்குப் பதில் கிரீமை ரப்பர் பட்டையால் இழுத்தால் தட்டையான கண்ணாடியில் படம் விழும். தண்ணீர் தாங்கும் எமல்ஷன், பாலியெஸ்டர் வலை, இந்த இரண்டையும் சொல்லிச் செய்யுங்கள். நம் வேலை முடிந்த உடனே வலையைக் கழுவவும் வேண்டும். வளைந்த பாட்டிலுக்கு இது சரிப்படாது. ஓடு, சதுரக் கண்ணாடி, ஜன்னல் பலகைக்குத்தான். பிரஸ்ஸில் இப்போது பிளேட்டிலேயே நேராகப் படம் ஏற்றிவிடுகிறார்கள், ஃபிலிம் எடுக்கிற வழக்கம் குறைந்துவிட்டது. ஓ.எச்.பி. ஷீட்டில் லேசர் பிரிண்ட் அடர்த்தியாக எடுத்தாலே போதும்.

இடைப்பட்ட எண்ணிக்கைக்கு எக்ஸ்ரே ஃபிலிம். எல்லார் வீட்டுப் பரணிலும் யாரோ ஒருவருடைய நெஞ்செலும்பு இருக்கும். கிழியாது, தண்ணீருக்கு அசையாது, பிளேடுக்கு நன்றாக வெட்டுக் கொடுக்கும். பசை இல்லாததால் பின்பக்கம் ஸ்ப்ரே கம் அடித்து, அது அரைகுறையாக உலர்ந்ததும் ஒட்ட வேண்டும். ஓரம் விட்டால் கசியும். பெரிய படங்களுக்கு, முரட்டு எழுத்துக்கு இது போதும். மெல்லிய வேலைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

எந்த ஸ்டென்சிலாக இருந்தாலும் ஒட்டுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழுவும் தண்ணீரைக் கவனியுங்கள். சுண்ணாம்புக்கல் மேல் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர் போர் தண்ணீரில் கழுவிக் காய வைத்தால் உப்புத் திட்டு படிந்துவிடும். கிரீம் அதற்கு மேல் உட்கார்ந்தால் வெள்ளை திட்டுத்திட்டாக வரும். கேன் தண்ணீரில் கடைசியாக ஒருமுறை அலசி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் பழகுவதற்கு அருமையான பொருள். உடைந்தாலும் யாரும் அழமாட்டார்கள். டம்ளர் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் நேர்க்கோட்டு ஸ்டென்சில் வளைந்து சிரிக்கும். ஸ்டென்சிலின் வெற்று ஓரங்களில் மேலும் கீழும் சின்னச் சின்னதாகக் கத்தரித்துவிட்டால் வளைவுக்குப் படியும். ஒட்டினபிறகு காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். எழுத்தின் ஒவ்வொரு விளிம்பையும் நகத்தால் ஒரு சுற்று. கசிவு எல்லாம் இந்த ஒரு சுற்றைச் சோம்பேறித்தனமாக விட்டவர்களுக்குத்தான் வரும்.

கிரீமைப் பிளாஸ்டிக் கரண்டியால் கனமாகப் போடுங்கள், பெயிண்ட் மாதிரி தேய்த்து மெலிதாக்கினால் கோடுகோடாகத் தெரியும். நேரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், டப்பாவில் எழுதியிருப்பதை நம்புங்கள், எனக்குத் தெரிந்தவர் சொன்னார் என்று கூட்டிக் குறைக்க வேண்டாம். மேலே இருப்பதை வழித்து டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டு மீதியைப் பிளாஸ்டிக் வாளியில் கழுவுங்கள். வாஷ்பேசினில் வேண்டாம், அதன் பளபளப்பும் ஒருவகைக் கண்ணாடிதான். வாளித் தண்ணீரை அப்படியே தென்னைக்கு ஊற்றிவிடவும் கூடாது. ஃபுளோரைடு நிலத்தடி நீரில் சேர்ந்தால் பல்லும் எலும்பும் என்ன ஆகும் என்பதைத் தருமபுரிக்காரர்களிடம் கேட்க வேண்டும். வெள்ளையடிக்கிற நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து அந்த வாளியில் ஊற்றினால் ஃபுளோரைடு சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத வெள்ளை வண்டலாக அடியில் தங்கிவிடும். ஷீலே காய்ச்சினாரே ஃபுளோர்ஸ்பார், அந்தக் கல்லும் இந்த வண்டலும் ஒரே சரக்கு. கையுறையைக் கழற்றாமல் இதையும் முடித்துவிடுங்கள். ஈரம் காய்ந்த பிறகே ஸ்டென்சிலை உரியுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் தண்ணீருக்குள் வைத்தே உரித்துவிடுவேன், ஓரத்தில் ஒளிந்திருக்கும் கிரீமும் சேர்ந்து போய்விடும். கண்ணாடி ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே விழாதது மாதிரி தெரியும், பயந்துவிடாதீர்கள். துடைத்ததும் வெள்ளை எழும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ரசாயனமே வேண்டாம் என்றால் வாட்டர் பேப்பர். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறைக்குச் சரக்கு விற்கும் கடையில் கேளுங்கள். உப்புத்தாளின் கறுப்பு அண்ணன், சிலிக்கான் கார்பைடு ஒட்டினது, கண்ணாடியைவிடக் கடினம். 220 அல்லது 320 நம்பர் வாங்கி, வினைலை இரண்டு அடுக்காக ஒட்டி, தண்ணீருக்குள் வைத்துச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் விடாமல் தேய்த்தால் கண்ணாடித் தூள் பறக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது. கிரீம் மாதிரி பளிச்சென்ற வெள்ளை வராது, கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி வரும். எனக்கு இது கிரீமைவிட அழகாகவே படுகிறது. இங்கேயும் ஸ்டென்சில் நன்றாக இருந்தால்தான் ஓரம் நிற்கும்.

பூஜை அறைக் கதவு, பெரிய ஜன்னல் என்றால் வீட்டில் முயலவே வேண்டாம். அகலப் பரப்பில் கிரீம் ஒரே சீராக விழாது. கண்ணாடிக் கடைகளில் மணல் பீச்சி எட்சிங் செய்து கொடுப்பார்கள். 1870-ல் டில்மன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கின முறை அது. அங்கேயும் நீங்கள் உங்கள் ஸ்டென்சிலோடு போகலாம். அவர்களுடைய ஆல்பத்தில் இருக்கும் அதே மயிலும் அதே திராட்சைக் குலையும் ஊர் முழுக்க இருக்கின்றன. ரேடியம் கடையில் கெட்டியான வினைலாகப் பார்த்து உங்கள் கோலத்தை வெட்டி வாங்கிப் போனால், அவர்களுக்கும் வேலை குறைச்சல். டஃபன் கண்ணாடி, அதாவது கடினப்படுத்தின கண்ணாடி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதில் ஆழமாக வெட்டினால் மொத்தமாக நொறுங்கிவிடும்.

சாப்பாட்டுச் சாமானில் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் வாய் படுகிற விளிம்புக்குக் கீழே தள்ளி. முகம் பார்க்கும் கண்ணாடியில் முன்பக்கம் போட்டால் பின்னால் ரசத்தில் ஒரு நிழல் விழுந்து எழுத்து இரட்டையாகத் தெரியும். கொடிக்கு அழகு, பேருக்கு ஆகாது. பிளாஸ்டிக் டப்பாவில் கிரீம் ஒன்றுமே செய்யாது, எவ்வளவு நேரம் வைத்தாலும் சரி. அதற்கு ரேடியம் கடையில் அந்த மீதியைக் கேட்காமல், எழுத்தையே வாங்கி ஒட்டிவிடுங்கள்.